பிடிச்சா விட்டுடணும்

அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காகத்தான் வந்திருந்தேன். அவரை மன்னித்துவிட்டு வரவில்லை. கூட்டிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்த வேலை. டிக்கெட் எடுக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், வீட்டைப் பூட்ட வேண்டும். மன்னிப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை. மன்னிக்காத ஒருவருக்குத் தினமும் மூன்று வேளை சோறு போட்டால் அந்தச் சோறு அவருக்கு எப்படி இறங்கும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவின் கடைசி நாளன்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அப்பாவும் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் வலது கை அவர் கைகளுக்குள் இருந்தது. காலையிலிருந்து கண்ணைத் திறக்காமல் கிடந்தவள், மெல்ல அவர் பக்கம் தலையைத் திருப்பி, "விடுங்க" என்றாள். மூக்கையும் வாயையும் மூடியிருந்த ஆக்ஸிஜன் மூடிக்குள்ளிருந்து வந்தாலும் தெளிவாகக் கேட்டது. அப்பா கையை விட்டார். எழுந்தார். வெளியே போய் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அம்மாவின் மூச்சு அடங்கியபோது அவர் உள்ளே இல்லை. கூப்பிடப் போன நர்ஸிடம் தலையை மட்டும் ஆட்டினாராம்.

அவளுக்குக் கை வலித்திருக்கும், புழுங்கியிருக்கும், ஏதோ எரிச்சலில் சொல்லியிருப்பாள். அதற்காக எழுந்து போய்விடுவதா? காப்பி ஆறிப்போனதற்குக் கோபித்துக்கொண்டு எழுந்து போவது போலப் போய்விட்டாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நேராகவே கேட்டேன், ஏன் வெளியே போனீங்க என்று. தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் நானும் கேட்கவில்லை.

வந்த அன்றே சமையலறையை ஒழித்தேன். அம்மாவின் புடவைகளைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தேன். அப்பாவின் சட்டைகளை மடித்து என் பையில் வைத்தேன். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். மிச்சம் இருந்தது பின்பக்கத்துக் கொட்டகையும் அதற்குள் இருந்த குட்டி டிராக்டரும்தான்.

அது நான் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டுக்கு வந்தது. வீட்டுக்குப் பின்னால் நீளமாகக் கிடக்கும் மனையில் அப்பாவும் அம்மாவும் காய்கறி நாற்றும் பூச்செடி நாற்றும் வளர்த்தார்கள். மண்ணைக் கிளற யாரோ ஓட்டித் தள்ளிய பழைய வண்டியை வாங்கிப் போட்டார்கள். ஒரே ஆள் உட்காரும் சின்ன டிராக்டர், முன்னால் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்ப வேண்டும். அம்மா அதைக் கழுதை என்பாள். கழுதையைக் குளிப்பாட்டினேன், கழுதைக்குப் பெட்ரோல் வாங்கணும் என்று போனில் சொல்வாள். எனக்கு என் பிள்ளைகள் படிப்பே பெரிய பாடாக இருந்த காலம் அது. காதில் போட்டுக்கொள்ளவில்லை. வந்து போகும்போது கொட்டகையில் அது நிற்பதைப் பார்த்ததோடு சரி.

அம்மா போன நாளிலிருந்து அப்பா அதைத் தொடவில்லை. தோட்டத்தில் களை முழங்காலுக்கு மேல் நின்றது. பழைய இரும்பு எடுப்பவர் வந்து செருப்புக் காலால் டயரை ஒரு தட்டுத் தட்டி, "உடைச்சுத்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றார். பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் மட்டும், "ஓடுற வண்டின்னா நான் எடுத்துக்கறேன் அக்கா, அங்க இடம் நிறைய இருக்கு" என்று சொன்னார். அம்மா குளிப்பாட்டிய பொருளை ஒருவன் என் கண்ணெதிரே சம்மட்டியால் உடைப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. வேலைக்காலம் முழுக்க பஸ் டிப்போவில் எஞ்சினோடு மல்லுக்கட்டியவர். ஓய்வு பெற்றதும் கை சும்மா இராமல் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றி மாட்டி, அது ஓடாமல் போய், அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அடுத்த பஸ்ஸிலேயே சாமான் பையோடு வந்து இறங்கினார். எனக்கு மூத்த பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. மாமாவுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"மச்சான், உங்க கழுதையை எழுப்பிடலாமா?" என்றார் அப்பாவிடம்.

"அது இனி ஓடாது" என்றார் அப்பா. "அதுக்கு ரெண்டு ஆள் வேணும்."

"நாங்க ரெண்டு பேர் இருக்கோமே. உங்க பொண்ணு ஒருத்தியே ரெண்டு ஆளுக்குச் சமம்."

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து பின்னறைக்குப் போய், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஜன்னலைத் திறந்தால் கொட்டகை. பார்க்கவும் பிடிக்கவில்லை, விட்டு விலகவும் முடியவில்லை போல. எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டின பெண்டாட்டியிடமிருந்தே எழுந்து போனவருக்கு இந்த இரும்பிடமிருந்து எழுந்து போக என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினின் தகர மூடியைக் கழற்றியதும் எலிக்கூடு ஒன்று உதிர்ந்தது. விதைப் பொட்டலக் காகிதத்தைக் கிழித்து மெத்தென்று கட்டியிருந்தது எலி. "நம்மளைவிட நல்லாக் குடும்பம் நடத்தியிருக்கு" என்று மாமா அதை ஓரமாக எடுத்து வைத்தார். டாங்கியில் கிடந்த பெட்ரோல் நாறிப்போய்ப் பிசின் மாதிரி ஆகியிருந்தது. அதை வடித்தோம். கயிற்றைச் சுற்றி இழுத்தால் எஞ்சின் சக்கரம் அசையவே இல்லை. பிஸ்டன் இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் ஊற்றி, "தூங்கட்டும், காலையில பார்ப்போம்" என்று கையைக் கழுவிக்கொண்டார்.

காலையில் லேசாக ஆட்டினார். முதலில் முரண்டு பிடித்தது, பிறகு மெல்ல இளகிச் சுற்றியது. கார்புரேட்டரைப் பிரித்து அம்மாவின் பெரிய எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். ஊசி நுழையாத ஓட்டைகளையெல்லாம் மெல்லிய கம்பியால் குத்தி ஊதினார். நான் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துக் கொடுத்தேன். வேலை செய்கிற கைக்குக் கோபம் கொஞ்சம் மறந்துபோகிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

திரும்ப மாட்டும்போது மாமா ஒரு இடத்தில் நின்றார்.

"காத்தை அடைக்கற சோக் தகடே இல்லையே பாப்பா. எப்பவோ உடைஞ்சு விழுந்திருக்கு. இத்தனை நாள் இதை எப்படிக் கிளப்பினாங்க?"

காற்று உள்ளே போகிற வாயைத் துணியால் துடைத்தார். எஞ்சின் முழுக்கத் துரு, அழுக்கு, எண்ணெய்க் கறை. அந்த வாயின் வட்டமான விளிம்பு மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மாமா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார்.

"கையை வெச்சு மூடியிருக்காங்க" என்றார். "எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது காத்தை அடைச்சாத்தான் பெட்ரோலை நல்லா இழுக்கும். கயிறு இந்தப் பக்கம், வாய் அந்தப் பக்கம். ஒரே ஆளுக்குக் கை எட்டாது. அதான் உங்கப்பா ரெண்டு ஆள் வேணும்னாரு. அவரு இழுக்கணும், எங்கக்கா மூடணும்."

அம்மாவின் வலது உள்ளங்கையில் வளையம் போட்ட மாதிரி ஒரு தழும்பு இருக்கும். என்னம்மா இது என்று ஒரு தடவை கேட்டதற்கு, "கழுதை கடிச்சிருச்சு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அவள் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள்.

"வா, கையை வை" என்றார் மாமா. அந்தப் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் அந்த வாயை மூடினேன். விளிம்பு குளிர்ச்சியாக இருந்தது. மாமா கயிற்றைச் சுற்றிக் காலை ஊன்றி இழுத்தார். உள்ளங்கையை யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சுவது போல இருந்தது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். மறுபடி இழுத்தார். மறுபடி மூடினேன். இந்தத் தடவை எஞ்சின் ஒரு தும்மல் தும்மியது, படபடவென்று நாலைந்து தடவை அடித்தது, கையெல்லாம் அதிர்ந்தது. கிளம்பிவிட்டது என்று எனக்கு நெஞ்சு துள்ளியது. அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். செத்துவிட்டது.

மாமா பிளக்கைக் கழற்றினார். பெட்ரோலில் ஊறி ஈரமாக இருந்தது. துடைத்துக் காயவைத்து மாட்டினார். மறுபடி அதே கதை. தும்மும், அடிக்கும், சந்தோஷத்தில் நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன், அடங்கிவிடும். பிளக் ஈரமாகிவிடும்.

"பிடிக்குது பாப்பா. நல்லாப் பிடிக்குது. பிடிச்ச உடனே நீ மூச்சை அடைச்சுக் கொன்னுடறே."

"எப்ப எடுக்கணும்னு நீங்க சொல்லுங்க."

"நான் இழுக்கறதா, சொல்றதா? இழுத்து முடிக்கறதுக்குள்ள எனக்கே மூச்சு போயிடுது. கையில தெரியும்டி, அது தானா ஓட ஆரம்பிக்கறது."

கையில் எனக்குத் தெரியத்தான் செய்தது. தெரிந்ததும் எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். எடுத்தால் நின்றுவிடுமோ என்று பயம். பிடித்துக்கொண்டிருந்தாலும் நிற்கிறது என்று புத்திக்குத் தெரிந்தும் கை கேட்கவில்லை. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உச்சி வெயில் கொட்டகைத் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. "இதான் கடைசி" என்று மாமா கயிற்றைச் சுற்றினார். "வரலைன்னா இரும்புக்காரனைக் கூப்பிட்டுடு. என் தோள்பட்டையும் சேர்த்து எடுத்துட்டுப் போகட்டும்."

இழுத்தார். உறிஞ்சியது. தும்மியது. படபடவென்று அடித்தது. என் கை இறுகியது.

"விடு."

ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல். அம்மா போனதிலிருந்து அவர் இப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எனக்குப் புரிவதற்கு முன்னால் என் கை எடுபட்டுவிட்டது. எஞ்சின் ஒரு முறை திணறி, கருப்பாக ஒரு புகையைக் கக்கி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. கொட்டகையே அதிர்ந்தது. மாமா கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்து நின்றேன். கிளம்பிவிட்டது என்ற மகிழ்ச்சி வரவேண்டிய இடத்தில் வேறு என்னவோ வந்தது. என் காதில் எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னதுதான் கேட்டது. அதே சொல். அவள் மரியாதைக்குச் சேர்த்த 'ங்க' மட்டும்தான் இதில் இல்லை.

அப்பா பின்வாசல் வழியாக இறங்கி வந்தார். மாதக்கணக்கில் வராத இடத்துக்கு நேற்றும் வந்தவர் மாதிரி நேராக வந்து, எஞ்சின் பக்கத்தில் இருந்த வேகக் கைப்பிடியைக் குறைத்து வைத்தார். சத்தம் தணிந்து ஒரே சீராக டுப் டுப் என்று ஓடியது.

"அம்மாவுக்கும் இப்படித்தான் சொல்வீங்களா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு தடவையும்" என்றார். "அவளும் உன்னை மாதிரிதான். பிடிச்சதும் கையை எடுக்க மாட்டா. எடுத்தா நின்னுடும்னு பயம். பிடிச்சா விட்டுடணும்டி, இல்லாட்டி அதுக்கு மூச்சு முட்டும்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ம்ஹும். நான் விடுன்னு சொன்னாத்தான் எடுப்பா. சொன்னா உடனே எடுத்துடுவா. அதுல மட்டும் என் பேச்சைக் கேட்டா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா எஞ்சினையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு நான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். அவ சொன்னா."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லாமல் எனக்குப் புரிந்தது. அவள் எரிச்சலில் சொல்லவில்லை. கை வலித்துச் சொல்லவில்லை. தன் புருஷனுக்கு மட்டும் தெரிந்த பாஷையில், தெளிவாக, ஒரு வேலையைச் சொல்வது போலச் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு அது வெறும் சொல்லாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனாலும் என் கோபம் லேசில் போகிற கோபம் இல்லை. பாதியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, விட்டீங்க. வெளியே ஏன் போனீங்க? பக்கத்துல நின்னிருக்கலாம் இல்ல?"

"நின்னிருந்தா மறுபடி பிடிச்சிருப்பேன்" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது. அம்மா போன அன்று கூட இப்படி அழவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம் துணை இருந்தது. இன்றைக்கு அதுவும் போய்விட்டது. மாமா எழுந்து என் தோளில் கையை வைத்தார், கையில் இருந்த கிரீஸ் முழுவதும் என் ரவிக்கையில் ஒட்டியது. அதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்து, தன் வேட்டியில் துடைத்து, மறுபடி வைத்தார்.

அப்பாவும் அழுதார் என்று நினைக்கிறேன். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் புகை என்றே வைத்துக்கொண்டேன்.

எஞ்சின் சூடேறி நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சுற்றி வந்து பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். மாமாவைக் கூப்பிட்டுப் பம்பால் காற்று அடிக்கச் சொன்னார். அது முடிந்ததும் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்து, மெல்ல ஏறி இருக்கையில் உட்கார்ந்தார். மெலிந்து போயிருந்தார். உட்கார்ந்த உடம்பு எஞ்சினோடு சேர்ந்து ஆடியது.

நான் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு மேலிருந்த தகரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன பண்றீங்க? சரியாச் சாப்பிட்டே எத்தனை நாள் ஆச்சு. தலை சுத்தி விழப்போறீங்க. நாளைக்குக் கிளம்பணும் நாம. தோட்டக்காரர் சாயந்திரம் வண்டியை எடுக்க வர்றாரு."

"களை எப்படி நிக்குது பாரு" என்றார். நான் சொன்ன எதற்கும் அது பதில் இல்லை. கியரைப் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி முன்னால் நகரப் பார்த்தது. நான் பிடியைத் தளர்த்தவில்லை. அவர் உடம்பில் இருக்கிற பலத்துக்கு அவரை ஒரு கையாலேயே நிறுத்திவிடலாம் போல இருந்தது.

அப்பா திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

"விடும்மா" என்றார்.

என் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது. கையை எடுத்தேன். வண்டி கொட்டகையை விட்டு வெயிலுக்குள் இறங்கி, களைக்குள் புகுந்து, அதை மடித்துப் போட்டுக்கொண்டே போனது.

"தோட்டக்காரருக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் மாமா. "ஓடலைன்னு சொல்லவும் முடியாது. நாலு தெருவுக்குக் கேக்குது."

"நீங்களே ஏதாவது சொல்லுங்க மாமா."

"எனக்குக் காது கேக்கலைன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

அப்பா மனையின் கோடிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அங்கேயே நின்றால் ஓடிப்போய்ப் பிடித்துவிடுவேன் என்று தெரிந்தது. வீட்டுக்குள் போனேன். என் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினேன்.